மூளை ஸ்கானில் மனதுக்குள் இருப்பது தெரிந்துவிடுமா?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் தம்பிக்கு 31 வயது. ஒன்றரை வருடமாக வலிப்பு வருகிறது. கிளினிக்கில் ஈ.ஈ.ஜி.யும் (மூளையின் மின்னலையைப் பதியும் சோதனை) தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எடுக்கச் சொல்லி யாழ்ப்பாணத்துக்குத் துண்டு தந்திருக்கிறார்கள். அவன் போகமாட்டேன் என்று நிற்கிறான். மூளையை ஸ்கான் பண்ணி ஆள் நினைப்பதை அப்படியே எழுத்தாக்கும் ஏ.ஐ. வந்துவிட்டதென்று போனில் வீடியோ பார்த்திருக்கிறான். 'அக்கா, 2009இல நடந்ததெல்லாம் என்ர மண்டைக்குள்ளதான் கிடக்கு. அதை எடுத்து ஆருக்குக் குடுப்பாங்களோ தெரியாது' என்கிறான். தோளிலும் தொடையிலும் செல் (எறிகணை) துண்டுகள் இருக்கின்றன. அதையும் ஸ்கான் எடுக்கிற இடத்தில் சொல்லவேண்டாம் என்கிறான். கனடாவில் உள்ள ஒன்றுவிட்ட அண்ணா ஸ்கான் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? அவனை எப்படிச் சமாளிப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் அந்தச் செல் துண்டுகள். அவற்றை எம்.ஆர்.ஐ. எடுக்கிற இடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். தம்பி ஒளிக்க நினைக்கிற எல்லாவற்றிலும் அந்த மெஷினுக்கு முன்னால் ஒளிக்கவே கூடாதது இது ஒன்றுதான்.

எம்.ஆர்.ஐ. என்பது மிகப் பலமான காந்தம். ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக உள்ள 1.5 டெஸ்லா மெஷினின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கான் ஓடாத நேரத்திலும், இரவிலும் பகலிலும், அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். செல்லின் கோது பெரும்பாலும் உருக்கு. உருக்கைக் காந்தம் இழுக்கும், திருப்பும். ஸ்கான் ஓடும்போது சில துண்டுகள் சூடேறவும் கூடும். தசைக்குள் பல வருடமாகக் கிடக்கிற துண்டைச் சுற்றித் தழும்பு கட்டியிருப்பதால் அது பெரும்பாலும் அசையாது. தோளிலும் தொடையிலும் உள்ளவை அப்படிப்பட்டவையாக இருந்தால், பல தடவைகளில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஸ்கான் எடுக்க விடுவார்கள். பயப்படவேண்டிய இடங்கள் கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்களின் அருகு. கண்ணுக்குள் உலோகத் தூள் இருந்தது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்த ஒருவருக்கு ஒரு கண்ணின் பார்வை போனது 1986இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆகவே, "முகத்தில சிதறல் ஏதும் பட்டதா, கண்ணுக்குக் கிட்ட ஏதும் பட்டதா?" என்று தம்பியிடம் நீங்களே ஒருக்கால் ஆறுதலாகக் கேளுங்கள். சிறு வயதில் பட்டது, ஒரு கீறலோடு போனது என்று மறந்திருப்பார். சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தனி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தலைக்குள்ளேயே துண்டு இருந்தால் அதுவே வலிப்புக்குக் காரணமாகவும் இருக்கலாம். அப்போது எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். அதில் காந்தம் இல்லை, எக்ஸ்ரே கதிர்தான்.

இங்கே தம்பிக்கு ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டுங்கள். ஸ்கான் எடுக்குமுன் நிரப்புகிற படிவம் கேட்பது, உடம்பில் உலோகம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதைத்தான். அது எப்படி வந்தது, அந்த நேரம் அவர் எங்கே நின்றார், யாரோடு நின்றார் என்பதெல்லாம் ஸ்கானுக்கும் வேண்டாம், வலிப்பு வைத்தியத்துக்கும் வேண்டாம். வலிப்புப் பார்க்கிற வைத்தியருக்கு ஒன்று மட்டும் மேலதிகமாகத் தெரியவேண்டும்: தலையில் அடிபட்டதா, மயங்கினாரா, எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தார். தலைக் காயம் பட்டுப் பல வருடம் கழித்தும் வலிப்பு தொடங்கும் என்பதால்தான் அந்தக் கேள்வி. "தலையில் அடிபட்டது, நினைவு தப்பியது" என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு.

இனி அந்த வீடியோ. அது முழுப் பொய்யில்லை. அதனால்தான் தம்பி நம்புகிறார். 2023இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்று பேர் தாங்களாக விரும்பி மெஷினுக்குள் படுத்து, ஆளுக்கு 16 மணித்தியாலம் கதைகள் கேட்டார்கள். எந்தச் சொல்லுக்கு மூளையின் எந்தப் பகுதியில் இரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று கணினி அவரவருக்குத் தனித்தனியாகப் பழகிக்கொண்டது. அதன்பின் புதிய கதை ஒன்றைக் கேட்கவைத்தபோது அதன் சாரத்தை ஊகித்தது. அவர்களில் ஒருவர் கேட்டது "என்னிடம் இன்னும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை" என்ற பொருளுள்ள வசனம். கணினி எழுதியது "அவள் இன்னும் ஓட்டப் பழகவே தொடங்கவில்லை" என்பதுபோல ஒன்று. கருத்து கிட்டத்தட்ட வந்தது, சொல் வரவில்லை. பல இடங்களில் கருத்தும் பிழைத்தது. ஒருவரிடம் பழகிய கணினியை இன்னொருவரிடம் போட்டால் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. படுத்திருப்பவர் மனதுக்குள் மிருகங்களின் பெயர்களை அடுக்கினாலோ வேறு கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டாலோ அதுவும் குழம்பிப்போனது. பயிற்சி நேரத்தைக் குறைக்கும் வழிகளும் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் ஆளின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்கிற காரியமாக அது இன்னும் ஆகவில்லை.

அங்கே செய்தது தம்பிக்கு எழுதிக் கொடுத்த ஸ்கானும் அல்ல. அது மூளையின் வேலையைப் பின்தொடரும் எம்.ஆர்.ஐ. 1990இல் செய்ஜி ஒகாவா என்ற யப்பானிய விஞ்ஞானி காட்டிய வழி: வேலை செய்கிற மூளைப் பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடுதலாக ஓடும், அந்த மாற்றத்தைக் காந்தம் பிடிக்கும். நினைத்த கணத்திலிருந்து அந்த இரத்தம் உச்சத்துக்கு வர ஐந்தாறு செக்கன் பிடிக்கும். அதற்குள் மனதில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் ஓடிப்போய்விடும். தம்பிக்கு எடுக்கப்போவது மூளையின் அமைப்பைக் காட்டுகிற படம். அதில் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அந்த ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் நரம்புக் கலங்கள். ஞாபகங்கள் இருப்பது அந்தக் கலங்கள் ஒன்றோடொன்று தொடுக்கும் இணைப்புகளில். படத்தில் அவை விழாது. 2009 என்ன, காலையில் சாப்பிட்டது பாணா புட்டா என்பதுகூட அதில் தெரியாது. றிப்போட்டில் வரக்கூடியவை தழும்பு இருக்கிறதா, பழைய இரத்தக்கசிவின் அடையாளம் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, ஞாபகத்துக்கு உதவும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறதா என்பவைதான்.

மனதுக்குள் பேசுவதை உண்மையிலேயே சொல்லாக மாற்றுகிற கருவிகளும் உண்டு. பக்கவாதத்தாலும் நரம்பு நோய்களாலும் பேச்சை இழந்தவர்களுக்காக மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேற்பரப்பிலோ உள்ளேயோ மின்முனைகளைப் பதிக்கிறார்கள். 2023இல் கலிபோர்னியாவில் அப்படி ஒரு பெண் பேச முயன்றதை நிமிடத்துக்கு 78 சொல் என்ற வேகத்தில் கணினி வெளியே கொண்டுவந்தது. பேச்சிழந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! சத்திரசிகிச்சையும் மாதக்கணக்கான பயிற்சியும் இல்லாமல் அது நடக்காது. ஒரு கிளினிக் துண்டோடு போய் வருகிறவருக்கு யாரும் அதைச் செய்துவிட முடியாது.

ஈ.ஈ.ஜி.யைப் பற்றியும் சொல்லவேண்டும், தலை முழுக்க வயர் ஒட்டுவதைப் பார்த்துத்தான் பலர் மிரளுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் தேடிப் போனதே மனதை மனம் அறியும் வழியைத்தான். இளம் வயதில் அவர் படையில் பயிற்சியின்போது சாவுக்குத் தப்பினார்; அதே நாள் தூரத்திலிருந்த சகோதரி, தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறி, தகப்பனைக் கொண்டு தந்தி அடிப்பித்தார். அது எப்படி நடந்தது என்ற கேள்வி அவரை விடவேயில்லை. 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலையைப் பதிந்து, 1929இல் வெளியிட்டார். அவருக்குக் கிடைத்தது அலை. எண்ணம் கிடைக்கவில்லை. இன்றைய மெஷினுக்கும் அதே எல்லைதான்: தலைத்தோலில் ஏறத்தாழ 20 இடங்களில் ஒட்டி, ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் 10 முதல் 100 பங்கு அளவான மின்சாரத்தைப் பதிகிறது. வற்றாப்பளைப் பொங்கலன்று கோயில் வீதிக்கு வெளியே நின்றால் சனத்தின் இரைச்சல் கூடுவதும் குறைவதும் கேட்கும், உள்ளே ஒரு தாய் அம்மனிடம் என்ன வேண்டினாள் என்று கேட்காது, ஈ.ஈ.ஜி. அந்தத் தூரத்தில்தான் நிற்கிறது. கண்ணை மூடினால் பின்மண்டையில் ஒரு சீரான அலை வரும். பல்லைக் கடித்தால் கோடு முழுக்கக் கலங்கும். வலிப்புக்குரிய கூர்முனை அலை இருந்தால் அது தெரியும். வைத்தியர் தேடுவது அதைத்தான்.

ஈ.ஈ.ஜி.க்குப் போகுமுன் செய்யவேண்டியவை சில. முதல் நாள் இரவு ஷாம்பு போட்டுத் தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் போகவேண்டும். தோலில் எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாகப் பிடிக்காது, பதிவு குப்பையாகிவிடும், திரும்ப வரச் சொல்வார்கள். வலிப்புக் குளிசையை வழக்கம்போல் போடவேண்டும். வைத்தியர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். நித்திரை குறைத்து வரச் சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் உண்டு: நித்திரை குறைந்த மூளையிலும், தூங்கி விழுகிற நேரத்திலும் அந்த அலைகள் கூடுதலாக வெளிவரும். ஆனால் அதே காரணத்தால் அன்று வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். ஆகவே தம்பி மோட்டார் சைக்கிளில் போகக் கூடாது. பஸ்ஸில் உள்பக்கச் சீற்றில் இருத்தி, பரந்தன் சந்தியில் பஸ் மாறினால் நீங்களோ வேறொருவரோ கூடவே இறங்கி ஏறுங்கள். பதிவு அரை மணித்தியாலம் அளவில் முடியும். நடுவில் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், கண்முன்னால் வெளிச்சம் மின்னவிடுவார்கள். விசாரணைக்கு வெளிச்சம் அடிப்பதாக அவர் நினைத்துவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வலிப்பு உள்ளவர்களில் பாதிப்பேர் அளவில் முதல் ஈ.ஈ.ஜி.யில் ஒன்றும் தெரியாமல் போகலாம். றிப்போட் நன்றாக வந்துவிட்டதென்று குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. நாளில் எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. அந்தக் குழாய் ஒடுக்கமானது, 60 முதல் 70 சென்ரிமீற்றர் அகலம். முகத்துக்கு மேலே ஒரு கூடு போடுவார்கள். சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும்: டக்டக்டக் என்று தொடர்ந்து அடித்து, நின்று, பிறகு வேறு தாளத்தில் தொடங்கும். உள்ளே உள்ள கம்பிச் சுருள்களில் மின்சாரம் மாறிமாறிப் பாயும்போது காந்தத்துக்குள் அவை அதிர்வதுதான் அந்தச் சத்தம். பங்கருக்குள் கிடந்து சூட்டுச் சத்தம் கேட்ட பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதியில் பதறி எழும்புகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆகவே முதலே ஆயத்தப்படுத்துங்கள். எம்.ஆர்.ஐ. சத்தத்தின் பதிவுகள் இணையத்தில் நிறைய உண்டு. வீட்டு முற்றத்தில் பகல் நேரத்தில், முதலில் மெதுவாக, அவர் கையிலேயே போனைக் கொடுத்துப் போட்டுக் கேட்கவிடுங்கள். அன்று ஸ்கான் எடுப்பவரிடம் "சத்தத்துக்கும் ஒடுக்கமான இடத்துக்கும் பயம்" என்று மட்டும் சொன்னால் போதும். காதுக்கு அடைப்பு தருவார்கள். கையில் ஒரு பந்து தருவார்கள், அதை அமத்தினால் நிறுத்தி வெளியே எடுப்பார்கள்; உள்ளே போகுமுன் ஒருமுறை அமத்திப் பார்க்கக் கேளுங்கள். ஒவ்வொரு தொடர் சத்தமும் சில நிமிடந்தான், மொத்தம் அரை மணித்தியாலம் முதல் முக்கால் மணித்தியாலம். உள்ளே போகுமுன்பே கண்ணை மூடிக்கொண்டு, வெளியே வரும்வரை திறக்காமல் இருப்பது பலருக்கு உதவுகிறது. அதற்கும் முடியாதென்றால் மயக்க மருந்தோடு எடுக்கலாமா என்று வைத்தியரிடம் முதலே கேட்கவேண்டும். அன்று வந்து கேட்டால் நடக்காது.

போன், பேங்க் கார்ட், பெல்ற், மணிக்கூடு, கழுத்துச் சங்கிலி, அரைநாண், கையில் கட்டிய அச்சரக்கூடு எல்லாவற்றையும் கழற்றி உங்களிடம் தரவேண்டும். அச்சரக்கூட்டைக் கழற்றப் பயப்பட்டால் நூலோடு உங்கள் கையில் கட்டிக்கொண்டு வெளியே இருங்கள்.

இனி அந்தரங்கம். தம்பியின் பயத்தை வெறும் பயம் என்று தள்ளாதீர்கள். அவர் இடத்தைத்தான் மாற்றி நினைக்கிறார். கசிவது மெஷினிலிருந்து அல்ல, காகிதத்திலும் போனிலும் வாய்ப்பேச்சிலும். ஸ்கான் துண்டில் பெயர், வயது, நோய், சிலவேளை பழைய காயத்தின் விபரமும் எழுதியிருக்கும். அதை மடித்து உறைக்குள் வையுங்கள், பஸ்ஸில் கையில் விரித்துப் பிடிக்காதீர்கள். கிளினிக்கில் சனத்துக்கு நடுவில் கேள்வி கேட்டால் "டொக்டர், தனியாகக் கதைக்கவேணும்" என்று சொல்லலாம். அதைக் குறையாக யாரும் எடுக்கமாட்டார்கள். வலிப்பு என்ற ஒரு சொல் ஊரில் பரவினால் கலியாணப் பேச்சும் வேலையும் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் காப்பது ஆஸ்பத்திரியின் கடமை மட்டுமல்ல, கூடப் போகிற சொந்தக்காரரின் கடமையும்தான். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அதன் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை என்பதால், கையில் உள்ளதை நாமே கவனமாக வைத்திருப்பது நல்லது. யாராவது "ஆராய்ச்சிக்காக" என்று சொன்னால் அதற்குத் தனிச் சம்மதப் படிவம் தரவேண்டும். வாசித்து, வேண்டாமென்றால் கையெழுத்து வைக்காமல் விடலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது.

ஸ்கானை விசாரணைக்குப் பாவிப்பார்களா என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் மூளை அலையை வைத்துக் குற்றத்தை அறிகிறோம் என்று பொலிஸ் விசாரணைகளில் ஒரு சோதனை செய்தார்கள். அது வேறு சோதனை: ஆளை இருத்தி, சம்பவத்தைப் பற்றிச் சொல்லியும் காட்டியும், அதற்கு வரும் அலையை அளப்பது. ஒருவரின் சம்மதமில்லாமல் அப்படிச் செய்யக் கூடாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. தம்பிக்கு எடுக்கும் ஈ.ஈ.ஜி.யில் அப்படிக் கேள்வியும் இல்லை, படமும் இல்லை, சும்மா படுத்திருப்பதுதான்.

கனடாவுக்கு அனுப்புவது பற்றி. அந்த அண்ணா வைத்தியராக இருந்தால், அல்லது வைத்தியர் ஒருவரிடம் காட்டுவதற்குக் கேட்டால், றிப்போட்டின் பந்திகளை மட்டும் பெயரும் இலக்கமும் மறைத்துப் படமெடுத்து அவருக்குத் தனியே அனுப்புங்கள். குடும்பக் குறூப்பில் போடாதீர்கள். பிலிமின் மூலையில் பெயரும் வயதும் திகதியும் இருக்கும். சீடி தந்தால் அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த விபரங்கள் பதிந்திருக்கும், பெயரைத் தாளில் வெட்டியதுபோல் வெட்ட முடியாது. இன்னொன்று: தலை எம்.ஆர்.ஐ.யில் முகத்தின் வடிவமும் பதிகிறது. 2019இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 84 பேரின் பெயர் நீக்கிய ஸ்கான்களிலிருந்து முகத்தைக் கட்டியெழுப்பி, முகமறியும் மென்பொருளால் அவர்களுடைய போட்டோக்களோடு ஒப்பிட்டார்கள். 70 பேரை அது சரியாகப் பிடித்தது. மனதை அல்ல, முகத்தை. ஆகவே சீடியை முழுதாக யாருக்கும் பிரதி பண்ணிக் கொடுக்காதீர்கள். எந்த ஸ்கான் என்றாலும் விளங்கப்படுத்துவோம் என்கிற செயலிகளில் ஏற்றவும் வேண்டாம்.

வலிப்பு வரும்போது போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம் என்பது பல வேளைகளில் ஸ்கானைவிடக் கூடுதலாகச் சொல்லும். காட்டிய பிறகு உங்கள் போனைத் தவிர வேறெங்கும் அது இருக்கக் கூடாது. தம்பியின் மானம் போவதென்றால் அந்த வீடியோவால்தான் போகும்.

கடைசியாக ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஸ்கான் எடுத்தால் தெரிந்துவிடும் என்று வீடியோவைப் பார்த்துப் பயப்படுவது ஒன்று. ஸ்கானே இல்லாமல், தான் நினைப்பது மற்றவர்களுக்குக் கேட்கிறது, ரீ.வி.யில் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், காதுக்குள் குரல் கேட்கிறது என்று சொன்னால் அது வேறு. வைத்தியம் உள்ள ஒரு நிலை அது. வலிப்போடு சேர்ந்தும் வரும். லெவெடிரசெட்டம் போன்ற சில வலிப்புக் குளிசைகள் தொடங்கியபின் சிலருக்கு எரிச்சலும் சந்தேகமும் கூடுவதும் உண்டு. எந்தக் குளிசை, எப்போது தொடங்கினார், இந்தப் பயம் அதற்கு முன்னா பின்னா என்று கிளினிக் கொப்பியைப் பார்த்துக் குறித்து வைத்து, அடுத்த முறை வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்தவேண்டாம்.

வலிப்பு வருகிற காலம் முழுக்கத் தம்பி தனியாகக் கிணற்றில் அள்ளிக் குளிக்கவோ குளத்தில் இறங்கவோ கூடாது. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள், வாய்க்குள் ஒன்றும் வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால், அல்லது நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தால், 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.